கணவாய் கதை, இரவு ஒரு வேளை

செப். 2, செவ்வாய்
தக்கலை. காலையில் வெயில், பதினொரு மணிக்குச் சாரல். பெட்டி இன்னும் பாதிதான் பிரித்தாயிற்று. லீவு பதினெட்டு நாள்.

குவைத்துக்கு நர்ஸ் வேலைக்குப் போய் ஒன்றரை வருஷம். மகள் அம்முவுக்கு இப்போது மூன்றேகால் வயசு. நேற்று வாசலில் என்னைப் பார்த்ததும் மைனிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். (மைனி, என் வீட்டுக்காரர் ராபினின் அக்கா. அம்முவை வளர்ப்பது அவர்தான்.) "மக்ளே, இது யாரு?" என்று மைனி கேட்டதற்குப் பதில்: "போன் அம்மா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு பாத்ரூமுக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன்.

குழந்தை வார்டு டாக்டர் ஒருமுறை சொன்னது: மூன்று வயசுக்கு முந்தியது பெரும்பாலும் அழிந்துவிடும், அதற்குப் பிறகுதான் ஒன்றிரண்டு ஒட்டும். அப்படியென்றால் இதுதான் சமயம். அடுத்த லீவுக்கு இரண்டு வருஷம். அதற்குள் அம்மு தலைக்குள் நான் ஏறி உட்கார்ந்தாக வேண்டும்.

எனக்கு முதல் ஞாபகம் நாலு வயசில். கோயில் அசன விருந்து, சாம்பார் வாளிக்குள் என் செருப்பு. அதில் அம்மா முகம் இல்லை. அம்மா அடித்த அடி இருக்கிறது. அந்த வழி வேண்டாம்.

செய்ய வேண்டியவை:
பேச்சிப்பாறை அணை
கடல்
வடசேரியில் வெள்ளைச் சுரிதார் (கடலுக்கு. ஞாபகத்தில் நான் அழகாக இருக்க வேண்டாமா?)

செப். 4, வியாழன்
மூட்டம். பேச்சிப்பாறை. அம்முவைத் தூக்கித் தூக்கிக் காட்டி என் இடுப்பு போச்சு. "எவ்வளவு தண்ணி, பாத்தியா மக்ளே?" "பாத்தேன்."

இரவு பரிசோதனை. சார்ட் போட்டிருக்கிறேன்.
இன்று எங்கே போனோம்? — கடைக்கு.
என்ன பார்த்தோம்? — ஆடு.
ஆடு உண்மைதான், டீக்கடைப் பக்கத்தில் நின்றது. அணை பூஜ்யம்.
ரா. (ராபின்): "ஏட்டி, சின்னப் பிள்ளைக்குப் பரீட்சையா வைக்க?"

செப். 6, சனி
நல்ல வெயில். கடியப்பட்டணம். வெள்ளைச் சுரிதார். நாலு பேரும் போனோம். வள்ளம் கரைக்கு வந்த நேரம். கூடையில் கணவாய் மீன், சிலது உயிரோடு. பெரிய தைரியசாலி மாதிரி ஒன்றைத் தூக்கி, "பாரு மக்ளே!" என்றேன். மீன்கார அக்கா, "ஏ பிள்ளே, மூஞ்சிக்கு நேரா பிடிக்காதே!" என்று கத்தினார். அதற்குள் பீச்சிவிட்டது. நெற்றி, வாய், சுரிதார் எல்லாம் கறுப்பு மை. கணவாயை எறிந்தேன், ரா. சட்டையில் விழுந்தது. எத்தனையோ பேருக்கு ரத்தம் எடுத்தவள், "ஐயோ, எங்கப்பா!" என்று அலறி மணலில் உட்கார்ந்துவிட்டேன். மீன்கார அக்காதான் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டார். அம்மு வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள்.

சுரிதார் போச்சு. நாளும் போச்சு. வீட்டுக்கு வரும் வழியிலேயே ரா.வுக்கும் மைனிக்கும் உத்தரவு: இது வெளியே போகக் கூடாது.

செப். 7, ஞாயிறு
தூறல். ஆராதனை முடிந்து வெளியே வந்தால் போதகர், "கணவாய் சௌக்கியமா?" என்கிறார். சொன்னது யார்? அம்மு. ஓய்வுநாள் பள்ளியில் கதை சொல்லச் சொன்னார்களாம்.

இரவு சார்ட். அணை: தெரியாது. ஆடு: மறந்தாயிற்று. கணவாய்: எழுந்து நின்று நடித்தே காட்டினாள், என் அலறல் உட்பட. எனக்கு மானம் போனது. மைனி கண்ணில் தண்ணி வரச் சிரிக்கிறார்.

செப். 10, புதன்
மழை. துணி காயவில்லை. அம்மு கணவாயை மறக்க எத்தனை நாள் ஆகும் என்று மைனியிடம் கேட்டேன்.
"நாங்க சொல்லிச் சிரிச்சிட்டே இருந்தா மறக்க மாட்டா. சொல்லாட்டா மறந்திருவா. எங்க அம்மைக்க கூத்தெல்லாம் வீட்டுல சொல்லிச் சொல்லித்தான எனக்கு நெனப்பிருக்கு."

மத்தியானம் முழுக்க அதையே யோசித்தேன். மீன் குழம்பு அடிபிடித்தது. உத்தரவு ரத்து.

செப். 18, வியாழன்
நாளை விடியற்காலை விமானம். பெட்டியில் ஏத்தங்காய் சிப்ஸ், மரச்சீனி வத்தல், நல்லமிளகு. அம்மு பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்து இறங்க மாட்டேன் என்கிறாள். எடை அதிகம் என்று நானே இறக்கிவிட்டேன்.

மைனிக்கு எழுதிய சீட்டு:
வைட்டமின் சிரப் — காலை, 5 மி.லி.
தலைக்கு எண்ணெய் — சனிக்கிழமை
கணவாய் கதை — இரவு சாப்பாட்டுக்குப் பின் ஒரு வேளை. தினமும். இரண்டு வருஷம்.

ரா. வாங்கிப் படித்தார். "தெனமும் உன்ன நாறடிக்கணும். அப்பிடித்தான?"
"ஆமா. அலறல விட்டிராதீங்க."
அவர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நவ. 21, வெள்ளி
குவைத். சூடு குறைந்துவிட்டது. டியூட்டி இல்லை. யூனிபாரம் துவைத்தேன். வீடியோ கால்.

"அம்மா, ஒனக்கு ஒரு கத தெரியுமா?"
"தெரியாதே மக்ளே."

கணவாய் இப்போது ஆடு அளவுக்கு வளர்ந்திருக்கிறது. சுரிதார் சிவப்பாம். அலறல் மட்டும் அப்படியே. கடைசியில்: "பெறவு நாந்தான் அம்மைக்க மூஞ்சியத் தொடச்சு விட்டேன்."

மைனி பின்னாலிருந்து, "இல்ல மக்ளே, அது மீன்கார..." என்று தொடங்கினார்.
"மைனி, அவ சொல்லட்டும்" என்றேன்.

சார்ட்டில் எழுதியது: துடைத்தது அம்மு.