கமலை பழகிய நாய்

எனக்கு உயிரான அய்யாவுக்கு,

நம் வீட்டுக்கு நாய் வந்திருக்கிறது. முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் "விஷயத்துக்கு வாடா" என்பீர்கள். ஆமாம், நீங்கள் இருந்தவரை வாசலைத் தாண்டவிடாத நாய்தான். அதுவும் சின்னது இல்லை. பின்னங்காலில் எழுந்து நின்றால் முன்னங்கால் என் தோளுக்கு வந்துவிடும்.

மற்றபடி மழை வழக்கம்போல ஏமாற்றிவிட்டது. காலையில் மாடு பூட்டிக் கமலை இறைக்கிற அளவுக்குக் கிணறு ஊறுகிறது. ஊருக்குக் கரண்டு வந்துவிட்டது. மோட்டாருக்கு லோனு தருகிறார்களாம், எல்லோரும் அருப்புக்கோட்டைக்கு நடையாய் நடக்கிறார்கள். நான் இன்னும் போகவில்லை. மாடுகள் மயிலையும் செவலையும் நன்றாக இருக்கின்றன.

நீங்கள் போன மறு பங்குனியில், மிளகாய் வத்தல் மூட்டைகளைப் பரளச்சியில் இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்தேன். கம்மாய்க்கரையில் ஒரு கருவேல மரத்தில் இது கட்டிக் கிடந்தது. டவுனிலிருந்து ஜீப்பில் முயல் வேட்டைக்கு வந்தவர்கள் விட்டுவிட்டுப் போனதாம். முன்னங்காலில் முள் ஏறிச் சீழ் வைத்திருந்தது. ஓட முடியாத வேட்டை நாயை யார் திருப்பிக் கூட்டிக்கொண்டு போவார்கள்? கழுத்துக் கயிறு சதைக்குள் இறங்கியிருந்தது. நான் பக்கத்தில் போனபோது உறுமவும் இல்லை, வாலை ஆட்டவும் இல்லை. தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டேன். இரக்கம் என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன். விட்டுவிட்டு வந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது என்று தோன்றியது, அவ்வளவுதான்.

அம்மா வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்னடா இது, கன்னுக்குட்டியா?"

"நாயிம்மா."

"அவுக இருந்தா இதைக் கொண்டாந்திருப்பியா?"

"மாட்டேன்."

"பெறகு?"

முள்ளைப் பிடுங்கிவிட்டு மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் குழைத்துப் போட்டேன். நான் ராசா என்று பெயர் வைத்தேன். அம்மா சனியன் என்று வைத்தாள். இரண்டுக்குமே அது திரும்பிப் பார்க்கவில்லை.

கால் ஆறியதும் பிடித்தது வினை. நடை என்ற ஒன்றே அதற்குத் தெரியாது, எல்லாம் ஓட்டம்தான். களத்தில் காயப்போட்ட மிளகாய்க்குள் புகுந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பொழுது சாயும்வரை தும்மிக்கொண்டே கிடந்தது. அடுத்த நாளும் புகுந்தது. கருவாட்டுப் பானையை உருட்டியது. துள்ளித் திரிகிற மாட்டுக்குக் கட்டுவதுபோல அதன் கழுத்தில் ஒரு கட்டையைக் கட்டித் தொங்கவிட்டேன். அது கட்டையோடு ஓடி, அம்மாவின் முழங்காலைப் பெயர்த்துவிட்டது. அம்மா பத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து என்னைத் திட்டிய திட்டில் நீங்களும் இரண்டு இடத்தில் வந்தீர்கள்.

பெரிய சங்கடம் அதற்குப் பிறகு வந்தது. கருப்பையா சித்தப்பாவின் ஆடுகள் நம் வரப்போரம் மேய்வதுதானே. ஒரு நாள் இது கயிற்றை அறுத்துக்கொண்டு போய் ஒரு குட்டியைக் கவ்விக் கொன்றுவிட்டது. சித்தப்பா குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நம் வாசலில் போட்டார். நம் பட்டியிலிருந்து ஒரு குட்டியைப் பிடித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

"எங்க அண்ணன் மொகத்துக்காக இந்த ஒரு தடவை போறேன். இன்னொரு குட்டி மேல வாயி பட்டுச்சு, அருவாதான். பெறகு சித்தப்பன் வெட்டிப்புட்டான்னு எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

அவர் மேல் தப்புச் சொல்ல முடியுமா? ஆட்டை நம்பித்தான் அவர் அடுப்பு எரிகிறது. சொன்னால் செய்கிற ஆள் என்பதும் உங்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து அதன் உயிர் ஒரு கயிற்றில்தான் இருந்தது. நானோ விடிந்ததும் கமலைக்குப் போகவேண்டியவன். நாயைக் காவல் காக்க ஆளுக்கு எங்கே போவேன்?

யோசித்துப் பார்த்து, நாயையும் கமலைக்கே கூட்டிக்கொண்டு போனேன். செவலைக்குப் பக்கத்தில் நுகத்தடியோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். ஓடி ஓடி அலுத்துப்போகட்டும், சாயங்காலம் சுருண்டு கிடக்கும் என்பதுதான் கணக்கு. முதல் நாள் செவலை விட்ட உதையில் அது போட்ட சத்தம் மல்லாங்கிணறுவரை கேட்டிருக்கும். இரண்டாம் நாள் மாட்டோடு நடந்தது. அது அலுத்துப்போகவே இல்லை, நான்தான் அலுத்துப்போனேன்.

நான் நினைத்துப் பார்க்காத ஒன்று நடந்தது அய்யா. கமலையில் மாடு முன்னால் இறங்கினால் தண்ணீர் மொண்ட சால் மேலே வரும். தண்ணீர் கொட்டியதும் மாடு திரும்பாமல் அப்படியே பின்னால் நடந்து மேடேற வேண்டும். நீங்கள் இழுத்து ஒரு குரல் கொடுப்பீர்களே, "பின்னே வா… பின்னே வா…" என்று. நானும் அதையேதான் சொல்கிறேன், மாட்டுக்கு வேறு பாஷை தெரியாது. அதைக் கேட்டுக் கேட்டு இந்த நாயும் பின்னால் நடக்கப் பழகிவிட்டது. கயிறு இல்லாவிட்டாலும் நடக்கிறது. உட்காரச் சொன்னால் உட்காராது, பெயர் சொன்னால் காது ஆடாது. "பின்னே வா" என்றால் போதும், தலை ஒரு பக்கம் பார்க்க, உடம்பு இன்னொரு பக்கம் போகும். ஊரே சிரித்தது.

அம்மா சிரிக்கவில்லை, பயன்படுத்திக்கொண்டாள். அடுப்படிக்குள் மூக்கை நீட்டினால், கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல் "பின்னே வா" என்பாள். அது ரிவர்ஸ் எடுக்கிற பஸ்ஸு மாதிரி வாசல்வரை போய் நிற்கும். அதற்குக் கம்பங்கூழ் ஊற்றுகிறவள் யார் என்று நான் கேட்டதில்லை. கிண்ணம் மட்டும் தினமும் நிறைந்திருந்தது.

போன வாரம் சித்தப்பா ஆடுகளை நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் காட்டக் கொண்டுவந்தார். நாயைக் கட்டித்தான் வைத்திருந்தேன். ஆட்டைக் கண்டதும் கயிறு அறுந்தது. "ராசா, ராசா" என்று கத்துகிறேன், அது காற்றாய்ப் போகிறது. சித்தப்பா இடுப்பிலிருந்து அரிவாளை உருவிவிட்டார். ஒரு வெள்ளைக் குட்டி ஓடத் தெரியாமல் நின்றது.

அப்போது கத்தரிப் பாத்தியிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "பின்னே வா… பின்னே வா…" அம்மா இவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டதே இல்லை. நாய், ஆட்டுக்குட்டியின் முகத்துக்கு நேரே நின்றுவிட்டது. உடம்பெல்லாம் நடுங்கியது, எச்சில் வடிந்தது. கண்ணைக் குட்டியிடமிருந்து எடுக்காமல் ஒவ்வொரு அடியாகப் பின்னால் நடந்து, அம்மாவின் சேலையில் வால் இடித்த பிறகுதான் நின்றது.

சித்தப்பா அரிவாளைச் செருகிக்கொண்டு நாயையே பார்த்தார். பிறகு அவர் கேட்டதை நான் எதிர்பார்க்கவில்லை.

"ஏப்பா, இதை எங்கிட்ட குடுத்துரு. வீரசோழன் பக்கம் ஆட்டுக் கிடை போடப் போறேன். நரித் தொல்லை தாங்கல. இம்புட்டு ரோசத்தை அடக்குற நாயி லேசுல கெடைக்காது."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஓடப் பிறந்த நாய். இங்கே கட்டிக் கிடப்பதைவிட ஆட்டோடு ஊர் ஊராய்ப் போகட்டுமே? "கூட்டிட்டுப் போங்க சித்தப்பா" என்றேன்.

"குடுக்க முடியாது" என்றாள் அம்மா.

"என்ன மதினி, சனியன்னுதான சொல்லுவீக?"

"சனியந்தான். எஞ் சனியன்."

"அது ஓடுற நாயிம்மா. கட்டிப் போட்டா பாவம்" என்றேன்.

அம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. நாயின் தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"மதுரை ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸு ஏறயில நாளைக்கு வாரேன்னாக. உசுரில்லாமத்தான் கொண்டாந்து போட்டாக. இந்த ரெண்டு வருசமா உள்ளுக்குள்ள நான் கூப்புடாத நாளு உண்டா? அவுக வந்தாகளா? இது, நான் கூப்பிட்டா வருதுடா."

உங்களைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட ஊர் பார்க்க அழாதவள், அன்று அழுதாள். சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார். நானும் அழுதேன் அய்யா. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அம்மா உங்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது எனக்கு எப்படிக் கேட்காமல் போனது?

நாயை யாருக்கும் கொடுக்க மாட்டேன். ஓடுவதற்கு அதை நானே தினமும் கம்மாய்க்குக் கூட்டிப் போவேன். அம்மா கூப்பிட்டால், எந்த வேலையில் இருந்தாலும் போட்டுவிட்டு வந்து நிற்பேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

அம்மாவைத் தனியாக விடாத,
உங்கள் மகன்.