வரிசையின் கடைசியில் நின்றவர்கள்

இன்னும் இல்லாத ஒன்றுக்கு மனிதர்கள் ஏன் பணம் கொடுக்கிறார்கள்? வீடு கட்டப்போகிறேன் என்று ஒருவர் கேட்டால் காட்டுவதற்குக் காணியாவது இருக்கும். கடை போடப்போகிறேன் என்றால் நாலு சுவராவது இருக்கும். படம் என்றால் எடுத்து முடிக்கும்வரை அது ஒருத்தியின் வாய்ப்பேச்சு மட்டும்தான். இத்தனை வருடமாகப் பள்ளிக்கூடத்தில் வர்த்தகம் படிப்பிக்கிறேன். இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நீ இருந்தபோது உன்னிடம் இதை ஒழுங்காகக் கேட்டதுமில்லை.

இன்று மாலை தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறி ஒன்று நெரிசலில் சிக்கி என் ஜன்னலுக்கு நேரே நின்றது. நனைந்த கொழுந்தின் வாசனை வீட்டுக்குள் வந்த அதே நேரத்தில் தொலைபேசி அடித்தது. உன் படத்தின் கொழும்புக் கம்பெனியிலிருந்து பேசினார்கள், உனக்குப் பிறகு அதன் கணக்கைப் பார்ப்பவள் நான்.

"மிஸ், எங்கட சல்லி முழுக்க வந்து முடிஞ்சுது. வெளிநாட்டுக்காரங்க ஒன்லைன்ல போடுறதுக்கு உங்கட படத்தை எடுத்திருக்காங்க. இனி வாறது உங்கட ஆக்களுக்கு."

நான் இரண்டு முறை திருப்பிக் கேட்டேன். பிறகு கதிரையில் உட்கார்ந்தேன். லொறி போய்விட்டது, வாசனை மட்டும் போகவில்லை. உன்னிடம் சொல்ல வேண்டிய செய்தி இது. சொல்ல நீ இல்லாததால் எழுதுகிறேன்.

படம் எடுப்பதைப் பற்றிப் பேசப்போன நீ கொழும்பிலிருந்து ரயிலில் வந்து இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் பையோடு என்னிடம் வந்த நாள் நினைவிருக்கிறது. தேத்தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது, நீ பேசிக்கொண்டே இருந்தாய்.

"படக் கம்பெனின்னா சொந்தக் காசுல படம் எடுக்கும்னு நெனச்சுக்கிட்டு இருந்தோம் பாரு! அப்பிடியில்லடி. அவங்க பாதிதான் போடுவாங்க. மிச்சத்துக்கு வெளியாளத் தேடுவாங்க. ஒரு படத்துக்குன்னு தனியா ஒரு குட்டிக் கம்பெனி பதிவாங்க. படம் தோத்தா நட்டம் அதோட நின்னுரும், மத்த படத்தத் தொடாது."

"அந்த வெளியாள் யாரு?"

"நான்தான் தேடணும்."

"யாருடி குடுப்பா?"

நீ அதை விட்டுவிட்டு, வருமானம் வந்தால் யாருக்கு எப்போது போகும் என்பதை விளக்க ஆரம்பித்தாய். நாம் இருவரும் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள் என்பதால் அதற்கு உனக்கு நீண்ட வார்த்தைகள் தேவைப்படவில்லை. "பீலியில தண்ணிக்கு வரிசையா வாளி வக்கிற மாதிரிதான். தியேட்டர்காரன் வாளி முதல்ல. அப்புறம் படத்த ஊரூராக் கொண்டு போறவன் வாளி. அதுக்குப் பின்னால கம்பெனி வாளியும் நம்ம வாளியும் பக்கத்துல பக்கத்துல. தண்ணி நின்னுட்டா பின்னால நிக்கிறவன் வெறும் வாளியோட வீட்டுக்குப் போகணும்."

இதையே நான் வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஒரு மாணவிக்கும் அப்படி விளங்கியிருக்காது.

முதலில் நீ போனது பதுளையில் புடவைக் கடை வைத்திருந்த ஹாஜியாரிடம். கணக்குச் சொல்ல என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். எத்தனை வீதம் வட்டி என்று நீ ஆரம்பித்ததுமே அவர் கையை உயர்த்தினார்.

"வட்டி கிட்டி பேசாதீங்க தங்கச்சி, அது எங்களுக்குக் கூடாது. லாபம் வந்தா பங்கு தாங்க. நட்டம் வந்தா அதுலயும் எனக்குப் பங்கு. யாவாரமெண்டா அப்பிடித்தான்."

கடையைவிட்டு வெளியே வந்ததும் நீ என் கையைக் கிள்ளினாய். "கொழும்புல மூணு நாளாச் சொன்னத இந்த மனுசன் மூணு வரியில சொல்லிட்டாருடி."

ஹாஜியாரின் பணம் போதவில்லை. லுணுகலையில் இரண்டு வர்த்தகர்கள் கொஞ்சம் தந்தார்கள், அதுவும் போதவில்லை. அப்போதுதான் நீ நமுனுகுல மலையடிவாரத்தில் நீ பிறந்த தோட்டத்துக்குப் போனாய். எனக்குக் கோபம் வந்தது. நாட்கூலிக்குக் கொழுந்து எடுப்பவர்களிடம் படத்துக்குப் பங்கு கேட்பதா? முதல் ஞாயிறு யாருக்கும் எதுவும் விளங்கவில்லை என்றாய். பங்கு என்றால் காணியா, லொத்தரா என்று கேட்டார்களாம். அடுத்த ஞாயிறு நீ அந்தச் சொல்லையே விட்டுவிட்டாய். தோட்டத்தில் ஒரு முழு நாள் வேலை செய்தால் செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் ஒரு பேர் விழும், குறைந்தால் அரைப் பேர். "ஒரு பேருக்கான சல்லியக் குடுங்க. படத்துல ஒங்களுக்கு ஒரு பேரு போடுறேன்" என்று நீ சொன்னதும் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. சிலர் ஒரு பேர் போட்டார்கள். ஒருத்தி அரைப் பேர் போட்டாள். வாயும் கையும் ஓயாத பாக்கியம் அக்கா இரண்டு பேர் போட்டுவிட்டு, "படத்துல சண்டை இருக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றாய். "அப்ப ஒண்ணு போதும், மத்ததத் திருப்பித் தா" என்றாள். ஆனால் திருப்பி வாங்கவில்லை.

அவர்கள் கொடுத்தது மொத்தத்தில் சிறு பங்குதான். ஆனால் அது சேர்ந்த பிறகுதான் கம்பெனி தன் பாதியை இறக்கியது.

படப்பிடிப்பின் முதல் ஞாயிறு நானும் வந்திருந்தேன். விடிந்தும் விடியாத நேரம். மலைச்சரிவில் கெமராவை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். பனிக்குள்ளிருந்து பெண்கள் வந்தார்கள், முதுகில் கூடை, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு. பணம் கொடுத்த அத்தனை பேரும் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நிற்பதுபோல் வரிசையாக வந்து நின்றார்கள். அன்று தோட்டத்தில் வேலை கிடையாது.

"என்னக்கா, எல்லாரும் ஏன் வந்தீங்க?" என்று ஓடினாய்.

"பேரு போட்டிருக்கில்ல?" என்றாள் பாக்கியம் அக்கா. "வராட்டி பேர வெட்டிருவீங்களே. எந்த மலை, எந்த நெரை? சொல்லு, போறோம்."

ஒரு பொருளில் முதல் போட்டால் அதற்கு வேலையும் செய்ய வேண்டும் என்று அவர்கள் எண்ணியிருந்தார்கள். போட்ட பணம் தானாக உழைக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. நான் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை. இயக்குநரைத் திரும்பிப் பார்த்தாய். அவர் ஏற்கெனவே கெமராவைத் திருப்பிவிட்டிருந்தார்.

பேர் கூப்பிட யாரும் இல்லாததால் அவர்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். பனி வந்து மூடியது, விலகியது. அவர்கள் அப்படியே நின்றார்கள். ஒருத்தி தலைத்துணியைச் சரிசெய்தாள், ஒருத்தி தும்மினாள், யாரோ எதற்கோ சிரித்தார்கள். நான் எளிதில் எதையும் நம்புகிறவள் இல்லை, உனக்குத் தெரியும். ஆனால் அன்று அந்தச் சரிவைவிட்டு நான் நகரவில்லை. ஒரு படத்துக்குப் பணம் போட்டவர்கள் அந்தப் படத்துக்குள்ளேயே வந்து, தங்களை யாராவது கூப்பிடுவார்களா என்று நிற்பதை உலகத்தில் வேறு யார் கண்டிருப்பார்கள்?

கம்பெனிக்கு அது பிடிக்கவில்லை. படத்தைத் தொகுத்து அனுப்பியதும் அழைத்தார்கள். "நல்லா எடுத்திருக்கிறீங்க மிஸ். ஆனா அந்த இடத்துல ஒண்டும் நடக்கல்லயே. சனம் எழும்பிப் போயிரும்." போட்ட பணம் திரும்பும்வரை எதை வைப்பது, எதை வெட்டுவது என்பது அவர்கள் முடிவு. ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது, நான்தான் உனக்கு வாசித்துக் காட்டியிருந்தேன்.

அப்போது நீ புற்றுநோய்க்குச் சிகிச்சையில் இருந்தாய். தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு கொழும்புக்குப் போனாய். இரண்டு நாள் கழித்து ஒரு யோசனையோடு திரும்பினாய். காட்சி இருக்கட்டும். அதற்குப் பதிலாக நம் வாளிகள் கம்பெனி வாளிக்குப் பக்கத்தில் அல்ல, பின்னால் நிற்கும். அவர்களுடையது விளிம்புவரை நிறைந்த பிறகுதான் நமக்கு ஒரு சொட்டு.

"நீதான் குட்டிக் கம்பெனிக்குப் பணிப்பாளர், சட்டப்படி நீ மட்டும் கையெழுத்துப் போட்டாப் போதும்" என்றேன்.

"போதும்தான். ஆனா வாளி அவங்களோடதுடி."

தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டாய். ஹாஜியாரும் பதுளையிலிருந்து முச்சக்கரவண்டியில் வந்திருந்தார், லுணுகலை வர்த்தகர்களும் வந்திருந்தார்கள். நீ காட்சியைப் போட்டுக் காட்டினாய். பிறகு யோசனையைச் சொன்னாய், ஆனால் மென்மையாகச் சொன்னாய். எனக்கு அது பொறுக்கவில்லை. எழுந்தேன். "கடைசியில் நின்றால் பெரும்பாலும் ஒன்றும் வராது. காட்சியை வெட்ட விட்டால் போட்டதில் கொஞ்சமாவது வரலாம். இது விளங்கிய பிறகு முடிவெடுங்கள்" என்றேன்.

நீ என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை.

"டீச்சர் சொல்றது நல்லா வெளங்குது" என்றாள் பாக்கியம் அக்கா. "அந்தக் கணக்கையும் சல்லி குடுத்துத்தான் படிச்சிருக்கீங்க, தப்பாவா இருக்கும்? ஆனா அத வெட்டுனா நாங்க அன்னைக்கி சும்மா வந்து நின்னதா ஆயிரும். சல்லி வராட்டி வராம போகட்டும். நின்னது இருக்கணும்."

"எம் பொண்டாட்டி தும்முறத மட்டும் வெட்டுங்க!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. தும்மியவள் திரும்பி, "நீ எத்தன பேரு போட்ட? வாய மூடு" என்றாள். சிரிப்பு அடங்கியதும் எல்லோரும் ஹாஜியாரைப் பார்த்தார்கள்.

"எனக்கு அந்தக் காட்சி விளங்கல்ல" என்றார் அவர். "கம்பெனிக்காரன் சொல்றதும் சரிதான், ஒண்டும் நடக்கல்ல. ஆனா நட்டத்துலயும் பங்கெண்டு சொன்னவன் நான். இப்ப முன்னுக்கு ஓடுறது வடிவில்ல."

எல்லாக் கைகளும் உயர்ந்தன. நான் அவர்களை எண்ணவில்லை, பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் வந்தது. திரையரங்குகளில் அதிக நாள் ஓடவில்லை. பதுளையில் நாம் இருவரும் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தோம். அந்தக் காட்சி வந்தபோது சிலர் எழுந்து போனார்கள். மற்றவர்கள் இருமல்கூட இல்லாமல் பார்த்தார்கள். நீ திரையைப் பார்க்கவில்லை, உட்கார்ந்திருந்தவர்களின் பின்னந்தலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அந்த மழைக்காலத்தில் நீ போய்விட்டாய். ஆஸ்பத்திரியில் உன்னிடம் கடைசியாகப் பேசியபோதும், "அவங்களுக்கு வரும்டி, கொஞ்சம் சுணங்கும்" என்றாய். நோயின் பேச்சு என்று நினைத்துத் தலையாட்டினேன்.

நாளை விடியற்காலை பஸ்ஸில் தோட்டத்துக்குப் போகிறேன். உன்னைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்திருக்கிறேன்.

மறுநாள் மாலை இதை எழுதுகிறேன். போனேன். பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுமுன் கணக்கப்பிள்ளை எனக்குக் கொஞ்சம் நேரம் தந்தார். தூறிக்கொண்டிருந்தது. செய்தியைச் சொன்னேன்.

"எந்தப் படம் டீச்சர்?" என்று கேட்டாள் ஓர் இளம்பெண்.

"நம்ம படம்டி" என்று நாலைந்து பேர் ஒன்றாகச் சொன்னார்கள்.

உன்னைப் பற்றி நான் தயாரித்து வைத்திருந்ததைச் சொல்ல இடமே கிடைக்கவில்லை. பேங்க் பொத்தகம் கொண்டுவர வேண்டுமா, அரைப் பேருக்கு எவ்வளவு, செத்துப்போனவர்களின் பேர் யாருக்கு என்று கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. எல்லாம் சரியான கேள்விகள். ஒருத்தியும் நன்றி சொல்லவில்லை. அவர்களுக்கு வரவேண்டியது வருகிறது, அதற்கு யாருக்கு நன்றி சொல்வது? "அவ இருந்திருந்தா இன்னைக்கி எல்லாருக்கும் திங்க மாலு பணிஸ் வாங்கித் தந்திருப்பா" என்று மட்டும் பாக்கியம் அக்கா சொன்னாள். சொல்லிவிட்டுக் குனிந்து கூடைக் கயிற்றைச் சரிசெய்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"மொத்தமா வருமா, தவணையா?"

"முதலில் கொஞ்சம். பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு அனுப்புவார்கள்."

"சரி. டீச்சர் எத்தன பேரு போட்டீங்க?"

"நான் போடவில்லை அக்கா."

"ஒண்ணுமே?"

"ஒன்றுமே."

அவள் மற்றவர்கள் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "அப்ப டீச்சருக்கு ஒண்ணும் வராது!"

களமே சிரித்தது. கணக்கப்பிள்ளையும் சிரித்தார். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய? பிறகு அவர் பேர்களைக் கூப்பிட்டார். கூடைகளை முதுகில் போட்டுக்கொண்டு அவரவர் கொழுந்து எடுக்கும் நெரைக்கு ஏறிப்போனார்கள். நான் மழையில் பஸ்ஸுக்கு நின்றேன்.