கொப்பியில் டொக்டர் எழுதிய சொல்

குறிஞ்சிப்பிட்டி
03.03.2016

அன்புள்ள றிஸ்மின் நானாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் இரத்தத்தில் இருந்ததை நிக்காஹ்வுக்கு இரண்டு மாதம் முந்தியே நீங்கள் அறிந்திருந்தீர்கள். அறிந்தே ரம்ஸியா மதினியைக் கட்டினீர்கள். உம்மாவின் அலுமாரியில் உங்கள் கிளினிக் அட்டை கிடைத்தது. 'தலசீமியா சுமப்பவர். இன்னொரு சுமப்பவரை மணமுடிக்க வேண்டாம்' என்று மூன்று மொழியிலும் இருக்கிறது.

உங்கள் மகன் ஹிமாஸுக்குப் போன செவ்வாயும் புத்தளத்தில் இரத்தம் ஏற்றினோம். ஆறு வயதுப் பிள்ளை, ஊசியைக் கண்டதும் தானே கையை நீட்டுகிறான். நோய்ப் பிள்ளை பெற்றதாக உம்மா மதினியைத்தான் ஏசுகிறா. மதினி குனிந்த தலையோடு கேட்டுக்கொண்டிருக்கிறா. அட்டையை அவவுக்கு நான் இன்னும் காட்டவில்லை.

ஹிமாஸின் கிளினிக் கொப்பியில் டொக்டர் நீளமான ஆங்கிலச் சொல் ஒன்று எழுதியிருந்தார்: கொன்சங்குவினிட்டி. பள்ளிக்கூடத்துப் பழைய அகராதியில் தேடினேன். ஒரே இரத்தத்து உறவு என்று இருந்தது. முன்பு சீமையில் காணியும் பட்டமும் யாருக்குப் போகும் என்று தீர்க்க இந்தச் சொல்லைப் பாவித்தார்களாம். இப்போது டொக்டர்மார் பிள்ளைக்கு நோய் வந்த வழியைக் குறிக்க எழுதுகிறார்கள். மாமா இன்னும் அந்தப் பழைய காலத்திலேயே நிற்கிறார். "சொந்த இரத்தம் இரிக்க வெளிய ஏன் போற? வெங்காயக் காணி துண்டாகாம இரிக்கட்டும்" என்று, தன் மகளை உங்களுக்குத் தந்தது போல, மதினியின் தம்பி இஸ்ஸதீனுக்கு என்னைப் பேசி முடித்துவிட்டார்.

நானும் சோதித்தேன். எனக்கும் உங்களைப் போலச் 'சுமப்பவர்' அட்டைதான். இஸ்ஸதீனைச் சோதிக்கச் சொன்னால், "நான் என்ன குர்பானுக்கு அறுக்கிற மாடா, பாத்து எடுக்க?" என்று சிரிக்கிறார்.

நிக்காஹ் பதிவில் பெண்ணின் கையெழுத்துக்கு இடமில்லை. வாப்பா மௌத்தான பிறகு என் வொலி, எனக்குப் பொறுப்பான ஆண், நீங்கள். எனக்காக நீங்கள்தான் ஒப்பமிடுவீர்கள். லீவில் வந்து பேனாவைத் தொட முதல் இஸ்ஸதீனின் இரத்தச் சீட்டைக் கேளுங்கள். நான் கதைக்கத் தொடங்கினாலே போனை வெட்டுகிறீர்கள். அதனால் உங்களைப் போலக் கத்தாரில் வேலை செய்து, லீவு முடிந்து திரும்பும் என் கூட்டாளி பளீலாவின் மாப்பிள்ளை கையில் இதைக் கொடுத்து விடுகிறேன்.

அல்லாஹ் உங்களுக்கு நல்ல புத்தியைத் தரட்டும்.

தங்கை
நுஸ்ரா

*

21.03.2016

நானா,

கடிதத்தைத் தன் மாப்பிள்ளை உங்கள் கையிலேயே கொடுத்ததாகப் பளீலா சொன்னாள். உங்களிடமிருந்து கல்யாணச் சாரி மட்டும் வந்திருக்கிறது. சிவப்பு. ஹிமாஸ் அதைத் தடவிப் பார்த்து, "மாமி, இது என்ட இரத்தப் பேக்ட கலர்" என்றான். மதினி சிரித்தா. உம்மா அவனை அடிக்கப் போனா.

முற்றத்தில் பந்தலுக்குக் கம்பு இறக்கிவிட்டார்கள்.

மதினியிடம் அந்த அட்டையை நான் கொடுக்க முதல் பதில் சொல்லுங்கள். இஸ்ஸதீனின் சீட்டைக் கேட்பீர்களா, மாட்டீர்களா?

நுஸ்ரா