இறால் வண்டியின் அசல் பதிவு

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே புழுக்கம். பொன்னேரியில் ரயில் ஏறும்போதே ரவிக்கை நனைந்துவிட்டது. கேஸ் சிலிண்டர் புக் பண்ண வேண்டும். ஷாம்பு. அம்மாவுக்கு மூட்டுத் தைலம்.

எம்.டி. அறையில் இன்று பிரசாத். எங்கள் இறால் வண்டிகளில் டிராக்கிங் மிஷின் பொருத்தியிருக்கும் கம்பெனியின் மேனேஜர். எந்த வண்டி எங்கே, பெட்டிக்குள் எவ்வளவு குளிர், எல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். எங்களுக்கு வருவது அவர்கள் எழுதும் ரிப்போர்ட் மட்டும். ஒப்பந்தம் இந்த மாதம் முடிகிறது. புதுப்பிக்க வந்திருக்கிறான், ஸ்வீட் பாக்ஸோடு.

ஸ்வீட்டைத் தொடவில்லை. இரண்டு வருடம் முன்பு இவன் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்தான், இங்கே வண்டி ஓட்டிய என் அண்ணன் சேகரைத் தெருவில் நிறுத்தியது. துறைமுகம் போகும் வழியில் டிரைவர் நான்கு மணி நேரம் கூலிங்கை அணைத்தார், சரக்கு கெட்டது. அப்படி எழுதியிருந்தான். கூலிங்குக்கான டீசலை விற்றுவிட்டானாம்; டீசல் திருடன் என்று பெயர். அசல் பதிவைக் காட்டுங்கள் என்று அப்போதே கேட்டேன். "அது எங்க கம்பெனி ப்ராப்பர்ட்டி மேடம்." சிரித்துக்கொண்டே சொன்னான்.

கும்மிடிப்பூண்டியில் பாதிக் கம்பெனிகளுக்கு இவர்கள் மிஷின்தான். அண்ணனின் லைசென்ஸ் நம்பரை அதில் தட்டினாலே சிவப்பு எச்சரிக்கை. எவனும் சேர்க்கவில்லை. இப்போது பழவேற்காட்டில் அடுத்தவர் படகில் கூலிக்கு வலை இழுக்கிறான்.

ஜூன் 10, செவ்வாய்

எம்.டி.யிடம் பேசினேன். "சார், நம்ம சரக்கு யாருக்குப் போகுது, எவ்ளோ போகுது, எல்லாம் அவங்க கையில. நாளைக்கு அதையே பக்கத்து கம்பெனிக்குக் குடுத்தா?"

பொய் இல்லை. ஆனால் எனக்கு வேண்டியது பிரசாத்தின் தலை.

எம்.டி. முகம் மாறியது. ஐந்து வருடமாக டெஸ்பாட்ச் பார்க்கிறேன். இந்த ஆளுக்கு எங்கே வலிக்கும் என்று தெரியும். "நம்ம டேட்டா நம்மகிட்டதான இருக்கணும் கோமதி? நீயே கண்டிஷன் எழுதிக் குடு."

எழுதியவை:
– முதல் நாளிலிருந்து எல்லா அசல் பதிவும்
– மிஷின் இனி நம்முடையது
– பாஸ்வேர்டு நம்மிடம்
– அவன் சிரிக்கக் கூடாது (இது தாளில் இல்லை)

ஜூன் 12, வியாழன்

பிரசாத் தாளை மூன்று முறை படித்தான். "அசல் பதிவக் குடுத்துட்டா எங்களுக்கு இன்னா சார் மிச்சம்?"

"இதுவரைக்கும் உள்ளதக் குடுத்துட்டுக் கெளம்புங்க. நாங்களே மிஷின் வாங்கிக்கறோம்," என்றார் எம்.டி.

வெளியே வந்து, இறால் உரிக்கும் பெண்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். சட்டையெல்லாம் வியர்வை. நானே போய், "தண்ணி வேணுமா சார்?" என்றேன். நிமிர்ந்து பார்த்தான். யாருடைய தங்கை என்று அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

உரிக்கும் லட்சுமி: "இன்னாக்கா, அந்தாளு அழுவற மாரி போறாரு?"

"வெயிலு."

மத்தியானம் இரண்டு தட்டு சோறு.

ஜூன் 16, திங்கள்

ஷாம்பு வாங்கியாயிற்று. தைலம் மறந்துபோச்சு.

பிரசாத் ஹார்ட் டிஸ்க் கொண்டுவந்தான். எங்கள் ஒப்பந்தம் போனதால் அவனை வேலையைவிட்டு எடுத்துவிட்டார்களாம், இதுதான் கடைசி வேலை. இரண்டு பெண் குழந்தைகள் என்று கேள்வி. இரக்கம் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை.

"எல்லாம் இருக்கு மேடம். திருத்தறதுக்கு முன்னாடி இருந்ததும் இருக்கு. திருத்தச் சொன்னது யாருன்னும் இருக்கு." இந்த முறையும் சிரித்தான். வேறு சிரிப்பு.

அண்ணனின் லோடைத் திறந்தேன். கூலிங் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. வண்டி எங்கள் கேட்டைத் தாண்டும்போதே பெட்டிக்குள் மைனஸ் நான்கு. இருக்க வேண்டியது மைனஸ் பதினெட்டு. எங்கள் குளிர் அறையிலேயே கெட்ட சரக்கைத்தான் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். கீழே ஒரு வரி. திருத்தம் கேட்டவர்: எம்.டி.யின் ஐடி. "டிரைவர் பெயரில் முடித்துவிடவும்."

அண்ணனை வேலையைவிட்டு அனுப்பிய அன்று இந்த ஆள் என்னைக் கூப்பிட்டு, "உன் மேல எனக்கு எந்த வருத்தமும் இல்லம்மா," என்றார். நான் கும்பிட்டேன். கையெடுத்துக் கும்பிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

தூறல். எம்.டி. கூப்பிட்டார். "பழசெல்லாம் எதுக்கு, இடத்த அடைச்சிக்கிட்டு? இந்த வருஷத்துது மட்டும் வெச்சிக்கிட்டு மீதியத் தூக்கிடு. இப்ப எல்லாம் நம்மளுதுதான, யாரக் கேக்கணும்?"

"சரி சார்."

அண்ணனுக்கு போன் செய்து எல்லாம் சொன்னேன். முழுசாகக் கேட்டான். பிறகு, "உட்டுரு கோமு. உன் வேலையும் பூடும். ஊட்டுல அம்மாவ யாரு பாக்கறது?"

"திருடன்னு பேரு வாங்கிக்கினு நீ வேணா குந்தியிரு. என்னால ஆவாது."

வைத்துவிட்டேன். எதையும் அழிக்கவில்லை. அண்ணனின் லோடை பிரிண்ட் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஜூன் 19, வியாழன்

வெளிநாட்டில் எங்கள் இறாலை வாங்கும் கம்பெனியின் ஆடிட்டர் வந்தார். சென்னைக்காரம்மா, ஐம்பது வயது இருக்கும். எம்.டி. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "டிராக்கிங் டேட்டா முழுக்க இப்ப எங்களோடது மேடம். வெளியாள் கை வைக்க முடியாது."

"நல்லது. ஏதாவது ஒரு பழைய லோடு காட்டுங்க."

"பழசு அவ்வளவா இல்ல மேடம்..."

"இருக்கு சார்," என்றேன். திறந்தேன்.

அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டே படித்தார். மைனஸ் நான்கு. டிரைவர் பெயரில் முடித்துவிடவும். "இந்த ஐடி யாரோடது?"

எம்.டி.யின் கழுத்து சிவந்து, காது வரைக்கும் ஏறியது. முழுசாகப் பார்த்தேன். கண்ணை எடுக்கவில்லை.

ஆடிட்டர் பிரதி எடுத்துக்கொண்டார். அண்ணனின் போன் நம்பரும் கேட்டார். மூன்று மணிக்கு கேட்டில் என் ஐடி கார்டை வாங்கிக்கொண்டார்கள். லட்சுமி ஓடி வந்து, "எங்களுக்கும் வேல பூடுமாக்கா?" என்றாள். ஸ்டேஷனைப் பார்த்து நடந்துவிட்டேன். அது மட்டும் உறுத்துகிறது.

ரயிலில் இருக்கும்போது அண்ணன் போன். "அந்தம்மா பேசினாங்க கோமு. என்னாண்ட மன்னிப்பு கேட்டாங்க."

"அவங்க எதுக்குக் கேக்கணும்?"

மூக்கை உறிஞ்சினான்.

கேட்க வேண்டியவன் எம்.டி. கோர்ட்டில் நின்று கேட்கட்டும். நாளை பத்து மணிக்கு பொன்னேரி வக்கீல். அந்த பிரிண்டை இரண்டு பிரதி எடுத்துப் போக வேண்டும். மூன்று.