தொழில்: இல்லை

ஜூன் 9, திங்கள்
காலை ஒன்பதுக்கே வெயில். எண்ணூர் குப்பத்தில் தொழில் கணக்கெடுப்பு, கடைசி நாள். 38 வீடு. போன் சூடாகி இரண்டு முறை அணைந்தது. எல்லா வீட்டிலும் ஆண்கள் மட்டும். கடலுக்குப் போய் வந்து வலை சிக்கெடுத்தபடி. மனைவிக்கு என்ன தொழில் என்றால் ஒரே பதில்.
"அதுவா? வூட்ல சும்மா தான் கீது மேடம்."
'இல்லை' போட்டேன். சீக்கிரம் முடிந்தது. மேற்பார்வையாளர் 'சபாஷ்' என்று மெசேஜ்.
வாங்க: சீரகம், குடை.

ஜூன் 11, புதன்
புழுக்கம். விட்டுப்போன கையெழுத்துக்காக மறுபடி குப்பம். ஆற்றோரமாகப் போனேன். கழுத்தளவு தண்ணீரில் குந்தியபடி பெண்கள், முப்பது பேராவது. சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போடும் ஓலைப் பறி பல்லிடுக்கில். கூப்பிட்டேன். யாரும் வாய் திறக்கவில்லை; திறந்தால் பறி போய்விடும்.
கரையேறியவர் கன்னியம்மா அக்கா. 17ஆம் எண் வீடு. 'சும்மா' என்ற முதல் ஆள் இவர் கணவர்தான்.
"தண்ணி வத்துற நேரமாப் பாத்து வூட்டாண்ட வந்தா நாங்க எப்டிம்மா இருப்போம்?"
அவமானம். பக்கத்து டோல்கேட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். இறாலுக்குப் பேரம் பேசத் தெரியும், யார் பிடிப்பது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ஜூன் 12, வியாழன்
தூக்கம் இல்லை, தலைவலி. என் பட்டியலை வைத்துத்தான் ஆற்றில் யாரும் இறங்காதபடி வேலி போடலாமா என்று நாளைக் கூட்டத்தில் முடிவாம். பிழைப்பே போய்விடும் அவர்களுக்கு. திருத்தப் பார்த்தேன். 'மீன்பிடி' என்று மாற்றினால் ஆப் படகு எண் கேட்கிறது. இல்லையென்றால் நகரமாட்டேன் என்கிறது.
மேற்பார்வையாளர்: "படகு இல்லாம என்னம்மா மீனவர்? விடு."
பற்றிக்கொண்டு வந்தது. 'சரி சார்' என்றுவிட்டு வந்துவிட்டேன். கோழை.

ஜூன் 13, வெள்ளி
சமுதாயக் கூடம், பதினொரு மணி. அதிகாரி வாசித்தார்: ஆற்றை நம்பித் தொழில் செய்யும் பெண்கள், யாரும் இல்லை. ஆட்சேபம் உண்டா?
எழுந்தேன். "அதை எழுதினது நான் சார். தப்பு."
"அப்போ அவங்க எங்க? ஒருத்தரையும் காணோமே."
"வேலைக்குப் போயிருக்காங்க."
பின்வரிசையில் கன்னியம்மா அக்காவின் கணவர் எழுந்தார். "அது ரெண்டு மணிக்குக் கரையேறும் சார். தண்ணி வத்தம் எறங்கினா தெனம் போவும். எங்க வூட்ல ஒல கொதிக்கறதே அத்தாலதான்."
அதிகாரி கூட்டத்தை மூன்று மணிக்குத் தள்ளிவைத்தார். வெளியே அக்காவின் கணவரைப் பிடித்தேன். "இவ்வளவு தெரியும் இல்ல? அன்னிக்கே சொல்லியிருக்கலாமே அண்ணா!"
அவர் நிஜமாகவே குழம்பிப்போய்ப் பார்த்தார்.
"நீ தொழில் இன்னான்னு தானம்மா கேட்ட?"