ஏரியில்லாத கல்லில் விழுந்த கோடு

“எல்லையை வடக்கே வளைத்தால் ஏரி முழுதும் உனக்குப் போய்விடும், தம்பி!”

“தெற்கே வளைத்தால் மதகு உமக்கு! நாடென்ன கறிக்கடை ஆடா அண்ணா, நல்ல கூறாய்ப் பார்த்து எடுத்துக்கொள்ள?”

“கூறு கேட்டவனே நீதானடா!”

என்று இளவரசர் பரிவேலரும் இளையவர் கோவிளங்கரும் ஒருவர் பேச்சை ஒருவர் விழுங்கும் அரசவைக்குப் பக்கத்து அறையிலிருந்து, ஆழித்துறைக் காவலரும் தம் உடன்பிறந்தாருமான கண்டீரவேள் திருமுன்பு வெண்கடம்ப நாட்டு அரசமாதேவி நல்லமங்கையார் எழுதுவிக்கும் ஓலை. தங்கள் நாட்டில் மழை அளவோடு பெய்க. கரைகள் உறுதியாய் நிற்க.

மன்னர் மறைந்தபின் மைந்தர் இருவரும் நாட்டைப் பங்கிட இசைந்ததும், குல வழக்கப்படி தாய்மாமனாகிய தாங்கள் உளிமேல் கைவைக்க, அவைநடுவே நாட்டின் வடிவம் செதுக்கிய கருங்கல்லில் எல்லைக்கோடு வெட்டப்பட்டதைத் தாங்கள் அறிவீர்கள். அந்தக் கல் பாட்டனார் காலத்தது. நீலப்பேரேரியோ அதற்குப் பின் வெட்டியது. ஏரியில்லாத கல்லில் நேராக இழுத்த கோடு ஏரிக்கரையின் குறுக்கே விழுந்ததை அன்று ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை, தேவியாரும் எண்ணவில்லை.

கல்லில் விழுந்த கோட்டினின்று ஒரு சாணும் விலகாமல் எல்லை அகழி தோண்ட வேண்டும் என்பது வழக்கம். இரு தரப்பு ஆட்களும் இரு முனையிலிருந்தும் தோண்டிக்கொண்டே வந்து கரையடியை எட்டிவிட்டார்கள். ஏரி விளிம்புவரை நிரம்பி நிற்கிறது, மழையும் விடவில்லை. கரையில் பள்ளம் விழுந்தால் கீழேயுள்ள கடம்பூரில் ஒரு கூரையும் தப்பாது. நிறுத்துங்கள் என்று தேவியார் மன்றாடியதற்கு, முதலில் நிறுத்துகிறவன் தோற்றவனாவான் என்று மைந்தர் இருவரும் ஒரே விடையைத் தனித்தனியே சொன்னார்கள். வேறெதிலும் இத்தனை ஒற்றுமையை அவர்களிடம் கண்டதில்லை. அன்று முதல் தேவியாருக்குச் சோறு இறங்கவில்லை; குடத்தில் நீர் தளும்பினாலும் எழுந்து சாளரத்துக்கு ஓடுகிறார்.

வெட்டிய கோட்டை மாற்றி வெட்டும் உரிமை தாய்மாமன் கைக்கே உண்டு. ஆகையால் இவ்வோலை கண்ட கணமே தாங்கள் குதிரையேறி வருக. உண்ண நில்லாது வருக. இதை ஏந்தி வருவோனை எந்தச் சாவடியும் தடுக்கற்க. இது தேவியார் ஆணை. கடம்பமலர் முத்திரை இட்டோம்.

அரக்கு ஆறுமுன் ஏரிப் பக்கமிருந்து மண்வெட்டிகளின் ஓசை எழுந்தது. அப்போது தேவியார் சாளரத்தைப் பற்றிக்கொண்டு சொன்னதையும், அவர் பணித்தபடியே, ஓலையின் புறத்தில் சேர்த்தெழுதினோம்:

“தம்பி கண்டீரா, பொறப்பட்டுட்டியாப்பா?”