சுவரில் விட்ட இடம்

அக்கா,

கிறிஸ்துமஸ் கேக்குக்காக ரம்மில் ஊறப் போட்டிருந்த திராட்சையை இன்று காலை திறந்தேன். மூடியைத் தூக்கியதுமே சமையலறை முழுக்க உங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் வாசனை. மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். கேக் வேலையை அவளிடம் விட்டுவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நாம் இருவரும் நெருங்கியதே வயதான பிறகுதான். ஒரே பங்கு, ஒரே பூசை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் "பொன்ழூர்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லிக் கடந்துபோனதோடு சரி. நீங்கள் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். உங்கள் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். நான் பள்ளிக்கூட டீச்சர். மறைமாவட்ட வரலாற்றைச் சொல்லும் படக்கண்காட்சி ஒன்றைப் பங்கு மண்டபத்தில் வைத்தபோது, வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்ல நம் இருவரையும் நிறுத்தினார்கள். அங்கேதான் உங்களை அறிந்தேன்.

படங்களை மாட்டும்போதே என்னிடம் சொல்லிப் பழகினீர்கள். தாடி வைத்த ஆயர் ஒருவரைக் காட்டி, "இவர பாரு, கப்பல்ல வந்தவரு திரும்பி ஊருக்கே போகல. தமிழ் கத்துக்கிட்டு, நம்ம வெயில்ல அலஞ்சு, இங்கயே மண்ணானவரு" என்றீர்கள். பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்த கன்னியர்களின் படத்துக்கு முன்னால், "இவங்க இல்லன்னா நான் யாருக்காவது ஊசி போட்டிருப்பனா?" என்று கேட்டீர்கள். முதல் தமிழ் ஆயரின் படத்தைத் துடைக்கும்போது மட்டும் புதுத் துணி எடுத்துக்கொண்டீர்கள்.

எல்லாம் மாட்டி முடித்ததும், பொறுப்பிலிருந்த இளங்குருவிடம் போனீர்கள்.

"சாமி, அந்தச் சுவரு எங்க?"

"எந்தச் சுவரும்மா?"

"அந்தக் காலத்துல கோயிலுக்குள்ள குறுக்க இருந்துச்சே. சாதி பாத்து எங்க ஆளுங்கள ஒரு பக்கம், இதோ இந்த செலின் ஆளுங்கள ஒரு பக்கம் நிக்க வெச்ச சுவரு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "பழைய கதம்மா அது. விழா நேரத்துல எதுக்குக் கிளறணும்?"

"விழா நேரத்துலதான சாமி எல்லாரும் வராங்க."

வெளியே வந்தபோது உங்கள் முகத்தில் கோபமே இல்லை. "நாளைக்கு நானே சொல்லிடறேன். நீ பக்கத்துல நில்லு, போதும்" என்றீர்கள்.

நின்றேன். திறப்பு விழாவுக்கு ஓய்வுபெற்ற மூத்த குரு ஒருவர் வந்திருந்தார். மண்டபம் நிறையச் சனம். எல்லாப் படங்களையும் அழகாகச் சொல்லிக்கொண்டே வந்த நீங்கள், இரண்டு ஆயர்களின் படங்களுக்கு முன்னால் நின்றுவிட்டீர்கள்.

"இந்த ரெண்டுக்கும் நடுவுல இன்னொரு படம் வரணும். ஆனா இல்ல. கோயிலுக்குள்ள சுவரு வெச்சு எங்கள பிரிச்சிருந்தப்ப, எங்க ஆளுங்க கொஞ்ச பேரு அப்ப கோயில்ல இருந்த பெரிய சாமிகிட்ட போயிருக்காங்க. நாங்களும் ஞானஸ்நானம் வாங்கினவங்கதான, எங்களுக்கு மட்டும் எதுக்குச் சுவருன்னு கேட்டாங்க. அவரு இடிக்கச் சொல்லிட்டாரு. இடிச்ச சாமிய பத்திப் பேசறாங்க. போய்க் கேட்டவங்க பேரு ஒண்ணுகூட யாருக்கும் தெரியல."

நான் குனிந்து தரையைப் பார்த்தேன். என் சின்னம்மா, "இதெல்லாம் இப்ப எதுக்கு?" என்று முணுமுணுத்தபடி எழுந்து வெளியே போனார். மூத்த குரு கைத்தடியை ஊன்றிக்கொண்டு படங்களையே பார்த்திருந்தார்.

"சுவரு போன பிறகும் ரொம்ப காலம் தனித்தனியாத்தாம்மா உக்காந்தோம். அதையும் சேத்து சொல்லு" என்றார். பிறகு இளங்குருவின் பக்கம் திரும்பி, "ஃபாதர், ரெண்டு படத்தையும் கொஞ்சம் தள்ளி மாட்டுங்க. நடுவுல எடம் விடுங்க" என்றார்.

இளங்குருவே ஸ்டூலில் ஏறி மாட்டினார். அந்த வெற்றிடத்தின் கீழே ஒட்ட, நீங்கள் சொல்லச் சொல்ல ஒரு அட்டையில் நான் எழுதினேன்: "சுவரை எடுக்கச் சொல்லிக் கேட்டவர்கள்." வேறொன்றும் வேண்டாம் என்றுவிட்டீர்கள்.

மறுநாள் சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவர் மனைவி, மகளோடு வந்தார். அட்டையை இரண்டு தரம் படித்தார். நீங்கள் கதையைச் சொன்னீர்கள். கேட்டுவிட்டு, "எம் பொண்ண இங்க நிக்க வெச்சு ஒரு போட்டோ எடுத்துக்கலாங்களா?" என்றார். அவள் ரிப்பனைச் சரிசெய்து, "நேரா நில்லுடி கண்ணு, நல்லா சிரி" என்று நிறுத்தினீர்கள். ஆயர்கள் இருவருக்கும் நடுவில் அவள் பல் தெரியச் சிரித்தாள். நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டீர்கள். அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் ஏதோ பாட்டை முனகிக்கொண்டே வந்தீர்கள்.

நீங்கள் போன பிறகும் மண்டபத்துச் சுவரிலிருந்து படங்களைக் கழற்றவில்லை. யார் வந்தாலும் நான்தான் சொல்கிறேன். உங்களைப் போலக் கோபமில்லாமல், குரலைத் தாழ்த்தாமல் சொல்ல இப்போது வருகிறது.

இன்னொன்று. நம் கல்லறைத் தோட்டத்தில் சட்டமென்று எதுவும் இல்லை. ஆனாலும் பழக்கத்தில் எங்கள் குடும்பங்கள் கிழக்கே, உங்கள் குடும்பங்கள் மேற்கே. இந்தக் கல்லறைத் திருநாளில் உங்களுக்குச் சாமந்தி வைத்துவிட்டு மகனிடம் சொன்னேன்: "நான் செத்தா என்னய அக்கா பக்கத்துலயே வெச்சிடு."

"சின்ன ஆயா கோச்சுக்கும்மா" என்றான், என் சின்னம்மாவை நினைத்து.

"கோச்சுக்கட்டும்."

"சரி, நான் சாமிகிட்ட பேசறேன்."

"நீ வேணாம்" என்றேன். பங்குத்தந்தையின் வீட்டுக் கதவை நானே தட்டினேன். கேட்டேன். சரி என்றார்.

குரல் நடுங்கவில்லை, அக்கா.

உங்கள்
செலின்